கருப்பு மீனை அரசியலாக வாசிக்க

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலையில் (படிப்பகத்தில்) பிள்ளைகளோடு, ஈரானிய எழுத்தாளர் சமத் பெஹ்ரங்கியின் 'சின்னக் கருப்பு மீன்' கதையை, ஓடையை விட்டுக் கடலைத் தேடிப் போகும் மீனின் கதையை, வாசிக்கப் போகிறீர்களா? 1968இல் வெளியானது, ஈரான், மன்னர் ஷாவின் ஆட்சி என்றெல்லாம் முதலிலேயே அவிழ்த்துவிடாதீர்கள். பிள்ளைகள் பரீட்சை விடை எழுதுகிற மாதிரி ஆகிவிடும்.

முதல் தடவை ஃபர்ஷீத் மெஸ்காலியின் படங்களைக் காட்டி நிறுத்தாமல் வாசியுங்கள். மறுதடவை கூழைக்கடாவிடம் நில்லுங்கள். அதன் அலகுப் பைக்குள் கருப்பு மீனும் கூட வந்த சிறுமீன்களும் மாட்டியிருக்க, "கருப்பு மீனைக் கொன்றால் உங்களை விடுகிறேன்" என்கிறது. சிறுமீன்கள் கெஞ்சிக்கொண்டே சம்மதிக்கின்றன. கருப்பு மீன் செத்ததுபோல நடிக்கிறது. சொன்ன சொல்லை மறந்து கூழைக்கடா அவற்றை விழுங்குகிறது. பயந்தவர்களை வைத்தே எதிர்ப்பவரை ஒடுக்கும் விதம் இங்கே துல்லியம். பல்லி கொடுத்த குத்துவாள் பையைக் கிழிப்பதும் இங்கேதான்.

வழக்கமான தவறு: கதையில் வரும் நாரை என்றால் ரகசிய போலீஸ், ஓடை என்றால் நாடு என்று பட்டியல் போடுவது. அப்புறம் ஓடையைத் தாண்டி உலகமில்லை என்னும் அம்மாவை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கடைசியில், பாட்டி மீனிடம் இந்தக் கதையைக் கேட்ட குஞ்சுகளில் 11,999 மீன்கள் தூங்க, ஒரு சிவப்பு மீன் மட்டும் விழித்திருக்கும். நம்மூர்ப் பிள்ளைகள் உடனே கட்சிக்கொடி என்பார்கள். மறுக்காதீர்கள், ஈரானிய இடதுசாரிகளும் இக்கதையைத் தங்களுடையதாகவே கொண்டாடினார்கள். பெஹ்ரங்கி, கதை வெளியான அதே ஆண்டு அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார். கொலை என்ற வதந்தியை மட்டும் ஆதாரமாக்க வேண்டாம்.