சர்க்கரை இருக்கும் பெரியவருக்கு மறதி: வீட்டில் செய்யக்கூடாத தவறுகள்

அடுப்பில் பால் வைத்ததை மறந்தாலும், சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் "வயசாயிருச்சுல்ல" என்று விட்டுவிடுகிறோம். பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருப்பவரை அப்படி விடவே கூடாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற மாதிரியே, ஏறிக் கிடக்கும் சர்க்கரை மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனாலும் கால் எரிச்சலைச் சொல்லும் நாம், மறதியைப் பற்றி டாக்டரிடம் வாயே திறப்பதில்லை.

சர்க்கரை ஏறுவதற்கு மட்டும் பயந்து, இறங்குவதைக் கவனிக்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு உடலின் சக்தியில் 20 சதவீதம் வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம் என்று சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்புகிறார் ஒரு அம்மா. ஆடி வீதியில் பாதி சுற்றுவதற்குள் கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது. கூட வந்தவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து விசிறுவார்கள். சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது சகஜம். வயதானவர்களில் சிலருக்கு வியர்வைகூட இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். அதையும் மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். விரதம் இருப்பதென்றால் மாத்திரையை என்ன செய்வது என்று முன்னாடியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பது வயதுக்காரருக்கும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.5க்கு வந்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பதும் சரியில்லை. தளர்ந்துபோன பெரியவர்களுக்கு 8 வரை இருந்தால் போதும் என்றுதான் பல டாக்டர்கள் வைக்கிறார்கள், காரணம் சர்க்கரை இப்படி இறங்கிவிடும் ஆபத்துதான்.

அப்புறம், மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. வருடக்கணக்கில் எடுத்தால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அதுவும் மறதியைக் கொண்டுவரும். இது சரிசெய்யக்கூடியது, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிரஷரைக் கவனிக்காமல் விடுவதும் பீடி, சிகரெட்டும் மூளையின் ரத்தக் குழாய்களுக்குக் கூடுதல் அடி.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, நல்ல விஷயம். ஆனால் மறதி தொடங்கியவர் கையிலேயே அந்தப் பையைக் கொடுத்துவிடாதீர்கள். போட்டதை மறந்து இன்னொரு தடவை போடுவார். காலை, இரவு என்று பிரித்து வைத்து, அவர் விழுங்கும்வரை யாராவது பக்கத்தில் நில்லுங்கள்.