இலங்கை மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா, முதலில் கேஸைச் சந்தேகப்படாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ கல்யாணமாகியோ நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வீடு எடுத்து வந்தவர்கள் முதல் குளிர்காலத்திலேயே கேட்கிற கேள்வி இது: ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது ஃப்ரீசரில் ஐஸ் உருகுகிறது, கேஸ் போய்விட்டதா? போயிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

முதல் சந்தேகம் குளிர்தான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி வாக்கில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே விழும். நம் ஊர்ப்பக்கம் விற்கிற ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை வெப்ப நாட்டுக்காகச் செய்தவை. உள்ளேயோ முதுகுப் பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'டி' (T) அல்லது 'எஸ்டி' (ST) என்று இருந்தால், வைத்திருக்கும் அறை 16 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று அர்த்தம், 'எஸ்என்' (SN) என்றால் 10 டிகிரி வரை தாங்கும். சாதாரண இரண்டு கதவு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் குளிரைப் பார்த்து கம்ப்ரசரை ஓடவைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கீழ் அறையில். சமையலறையே 11, 12 டிகிரியில் கிடந்தால் கீழ் அறை தானாகவே குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் கிளம்ப வேண்டிய அவசியமே வராது, மேலே ஃப்ரீசர் மட்டும் மெதுவாக இளகிக்கொண்டிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், குளிர்காலம்தானே என்று நாம் குமிழை 1-இல் வைத்துவிடுவோம், அது இன்னும் மோசமாக்கும். கீழ் அறைக் குமிழைக் கூடுதல் குளிர்ப் பக்கம் திருப்புங்கள், பின்வராந்தாவில் நிற்கிற ஃப்ரிட்ஜை அடுப்பிருக்கிற அறைக்குள் கொண்டுவாருங்கள் (அடுப்பை ஒட்டி இல்லை), ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சில மாடல்களில் இதற்கென்றே ஒரு குளிர்கால சுவிட்ச் இருக்கும், அது உள்ளே சின்னதாகச் சூடு கொடுத்து தெர்மோஸ்டாட்டை ஏமாற்றி ஓடவைக்கும்.

அடுத்தது கரண்ட். உள்ளே லைட்டே எரியவில்லை என்றால் பிளக்கைப் பாருங்கள். இங்கே புது வீடுகளில் சதுரமாக மூன்று முனை வைத்த 13 ஆம்பியர் பிளக்தான், அதன் வயிற்றுக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது, ஊரில் இது கிடையாது என்பதால் நம் ஆட்களுக்குத் தோன்றுவதே இல்லை. நடு ஸ்க்ரூவைக் கழற்றினால் சுருட்டுத் துண்டு மாதிரி, இரண்டு பக்கமும் உலோகத் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும். 13 ஆம்பியர் ஃபியூஸாகவே போடுங்கள், 3 ஆம்பியர் போட்டால் கம்ப்ரசர் கிளம்பும்போதே போய்விடக்கூடும். பழைய வீடுகளில் உருண்டை முனை சாக்கெட்டுக்கு அடாப்டர் மாட்டியிருப்பார்கள், அது தளர்ந்து கருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜை மாட்டினாலே ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் எங்கேயோ ஈரமோ கசிவோ இருக்கிறது, வீட்டில் கை வைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

லைட் எரிகிறது, குளிர் இல்லை என்றால் பின்னால் குனிந்து கம்ப்ரசர் சத்தத்தைக் கேளுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் உறுமல், மறுபடி 'டக்', அப்புறம் அமைதி: இது கிளம்ப முயன்று தோற்கிற சத்தம். தோட்டப் பக்கங்களில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் கெட்டிலும் ஹீட்டரும் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதால் இப்படி ஆகும், இரவு பதினோரு மணிக்குத் தானாகச் சரியானால் குற்றவாளி லைன்தான், ஒரு ஸ்டெபிலைசர் போதும். எந்நேரமும் இப்படியே என்றால் பெரும்பாலும் கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற ஸ்டார்டிங் ரிலே, விலை குறைந்த சாமான். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே போடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர் வாக்கிலும் மத்தியானம் இடி தொடங்கினால் பிளக்கை உருவிவிடுங்கள்.

பனியைத் தானே உருக்கிக்கொள்கிற ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே குளிரவில்லை என்றால் காற்று வரும் வழி பனியால் அடைத்திருக்கும். கதவைத் திறந்து 24 மணி நேரம் அணைத்துவைத்து மறுபடி போடுங்கள். சில நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றால் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் அல்லது அதன் சென்சார் என்று மெக்கானிக்கிடம் நீங்களே சொல்லலாம். இங்குள்ள மூட்டத்தில் கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், வெந்நீரில் சோப்புப் போட்டுத் துடையுங்கள், ரப்பர் ஒட்டாவிட்டால் ஈரக்காற்று உள்ளே போய் இதே பனிதான் கட்டும். கட்டிய பனியைக் கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். கேஸ் ஓடுகிற அலுமினியம் ஓட்டையானால் அன்றோடு கேஸ் நிஜமாகவே போய்விடும்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்வதில்லை, குறைந்தால் எங்கோ லீக். அதனால் 'கேஸ் அடிக்கணும்' என்று ஒரு பாஸ் (இங்கே மெக்கானிக்கை இப்படித்தான் சொல்வார்கள்) வந்த வேகத்தில் சொன்னால், லீக் எங்கே அண்ணே, ஃபில்டர் மாற்றுவீர்களா, வேக்யூம் போட்டுக் குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுப்பீர்களா என்று கேளுங்கள். லீக்கை அடைக்காமல் அடித்துவிட்டுப் போனால் திரும்பவும் அதே செலவு. கம்ப்ரசரில் ஆர்600ஏ (R600a) என்று எழுதியிருந்தால் அது தீப்பிடிக்கிற வாயு, குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைத்துக்கொண்டு வேலை செய்ய விடாதீர்கள்.

கொழும்பிலிருந்து பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி, படுக்கவைத்து, ரம்பொடை வளைவெல்லாம் ஏற்றிக் கொண்டுவந்தீர்களா? வந்ததும் போடாதீர்கள். நிமிர்த்தி வைத்து ஒரு இரவு விடுங்கள், கம்ப்ரசர் ஆயில் கீழே இறங்க வேண்டும்.

ரிப்பேர் முடியும்வரை காய்கறி, முட்டைக்கு இந்த ஊர்க் குளிரே போதும். மீன், இறைச்சி, பாலுக்குப் போதாது, அவற்றுக்கு 5 டிகிரிக்குள் வேண்டும். மீன் கடற்கரையிலிருந்து மலை ஏறி வருவதற்குள்ளேயே பாதி நேரத்தைத் தின்றிருக்கும், வாங்கிய அன்றே குழம்பு வைத்துவிடுங்கள்.