போன் பார்த்தால் தலை சுற்றுகிறதா? எங்கே தவறு செய்கிறோம்

"போன் பார்த்தா தலை சுத்துது" என்று யாராவது சொன்னால் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "போனைக் கீழே வை." தப்பில்லை, ஆனால் பிரச்சினை தீராது. எப்போது சுற்றுகிறது என்று கேட்டுப் பார்த்தால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவருக்கு சோபாவில் அசையாமல் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளும்போது. இன்னொருவருக்கு மலைப்பாதை பஸ்ஸில் வாட்ஸ்அப் படிக்கும்போது. வேறொருவருக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தையும் குறைத்துவிட்டுப் பார்க்கும்போது மட்டும். மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் கட்டி, யாரோ சொன்ன ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு "ஒண்ணும் பலனில்லை" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

உள்காதில், பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்வது அவைதான். அவற்றை ஒட்டி இருக்கும் இரண்டு சின்னப் பைகள், முன்பின்னாகவும் மேலும் கீழுமாகவும் நாம் நகர்வதைச் சொல்லும். இந்தச் செய்தியும் கண் சொல்லும் செய்தியும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. "ஓடுகிறோம்" என்று கண்ணும் "சும்மா இருக்கிறோம்" என்று காதும் சொன்னால் குமட்டல் தொடங்கும். மாற்றிச் சொன்னாலும் அப்படித்தான்.

குமட்டல் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன்பே காரணமில்லாமல் கொட்டாவி வரும், வாயில் எச்சில் ஊறும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை பூக்கும். பலர் இதைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வயிற்றைப் பிரட்டிய பிறகு போனை வைத்துப் பயனில்லை. தொடங்கிவிட்டால் அடங்கக் கால் மணி நேரமும் ஆகலாம், சிலருக்கு அரை நாளும் ஆகலாம். முதல் கொட்டாவியிலேயே நிறுத்துங்கள்.

உட்கார்ந்த இடத்தில் சுற்றினால்

2013 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 7-ஐ வெளியிட்டபோது, ஐகான்கள் முன்னும் பின்னும் பாய்வதையும் வால்பேப்பர் தனியாக மிதப்பதையும் பார்த்துப் பலர் குமட்டுகிறது என்று புகார் செய்தார்கள். அடுத்த மாதமே வந்த 7.0.3 பதிப்பில், அந்தப் பாய்ச்சலுக்குப் பதிலாக ஒரு படம் மங்கி மற்றொன்று தோன்றும்படி மாற்றிக்கொள்ள வசதி கிடைத்தது. அந்த வசதி இன்றும் இருக்கிறது: செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, மோஷன், அதில் ரெட்யூஸ் மோஷன். அதை ஆன் செய்ததும் கீழே 'பிரிஃபர் கிராஸ்-ஃபேட் டிரான்சிஷன்ஸ்' என்று இன்னொன்று தெரியும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், அதையும் ஆன் செய்ய வேண்டும். தானாக ஓடும் வீடியோ முன்னோட்டங்களை நிறுத்தும் சுவிட்சும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கலர் அண்ட் மோஷன், ரிமூவ் அனிமேஷன்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். மேலே உள்ள தேடல் பெட்டியில் 'அனிமேஷன்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்துவிடும்.

யூடியூபில் சொல்லித்தரும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வழியில் ஒரு வில்லங்கம் உண்டு. பில்ட் நம்பரை ஏழு முறை தட்டித் திறந்து, விண்டோ, டிரான்சிஷன், அனிமேட்டர் என்ற மூன்று அளவையும் 0.5 என்று வைக்கச் சொல்வார்கள். அது போன் வேகமாக இருப்பதுபோலக் காட்டுவதற்கான உத்தி. 0.5 வைத்தால் அனிமேஷன் போகாது, அதே அசைவு பாதி நேரத்தில் நடக்கும். தலைசுற்றல் உள்ளவருக்கு இது இன்னும் மோசம். மூன்றையும் 'ஆஃப்' செய்தால்தான் பலன்.

இத்தனையும் செய்தாலும் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் இது பாதிதான் உதவும். அங்கே முழுத்திரையும் ஒரே சுண்டலில் மேலே போகிறது, உள்ளே ஓடும் வீடியோவும் கையில் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்ததாக இருக்கும். சுண்டிவிட்டு, ஓடும் எழுத்தைக் கண்ணால் துரத்துவதுதான் இங்கே தவறு. விரலை எடுக்காமல் மெதுவாக நகர்த்துங்கள், நின்ற பிறகு படியுங்கள். ரீல்ஸில் அப்படி முடியாது என்பதால், தள்ளும் அந்த அரை வினாடி கண்ணை மூடித் திறக்கலாம். நீளமான கட்டுரை என்றால் எழுத்தை மட்டும் காட்டும் உலாவியின் ரீடர் பயன்முறையில் படியுங்கள். மின்நூல் செயலியில் ஸ்க்ரோலுக்குப் பதில் பக்கம் பக்கமாகப் புரட்டும் முறையைத் தேர்ந்தெடுத்து, புரட்டும் அனிமேஷனை நிறுத்திவிடுங்கள்.

போனை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பதை யாரும் அளப்பதில்லை. படுத்துக்கொண்டு பார்க்கும்போது முகத்துக்கும் திரைக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது. அந்த நெருக்கத்தில் திரை பார்வையை அதிகமாக அடைத்துக்கொள்கிறது. அசையாத சுவர், கட்டில் விளிம்பு எதுவும் கண்ணில் படாது, அதனால் திரையின் அசைவையே மூளை தன் அசைவாக எடுத்துக்கொள்ளும். இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்பி நிற்க வேண்டிய சிரமம் வேறு. 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை தள்ளிப் பிடியுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், போனைக் கிட்டே கொண்டு வராதீர்கள். தலையணையில் ஒரு கண் புதைய, மற்றக் கண்ணால் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பேனா முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டு வாருங்கள். சுமார் 10 சென்டிமீட்டருக்கு முன்பே முனை இரண்டாகத் தெரிந்தால், கண்கள் கிட்டத்தில் ஒன்றுசேர்வதில் கோளாறு இருக்கலாம். அது செட்டிங்ஸில் தீராது, கண் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

கேம் ஆடுபவர்கள் செய்யும் தவறு வீம்பு. குமட்டினாலும் ஆடிக்கொண்டே இருந்தால் பழகிவிடும் என்று நினைக்கிறார்கள். உடல் பழகுவது உண்மைதான், ஆனால் குமட்டல் வருவதற்கு முன்பே நிறுத்தினால்தான் பழகும். ஐந்து நிமிடம் ஆடி நிறுத்தி, தொந்தரவு இல்லையென்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். குமட்டக் குமட்ட ஆடினால் அந்த கேமின் பெயரைக் கேட்டாலே வயிறு புரளும். பாத்திரத்தின் கண்ணால் பார்க்கும் எஃப்பிபி-யை விட்டு, பின்னாலிருந்து பார்க்கும் டிபிபி-க்கு மாறினாலே பலருக்குப் பாதி குறைந்துவிடும். மோஷன் பிளர், கேமரா ஷேக் இரண்டையும் அணைத்து, கேமரா திரும்பும் சென்சிடிவிட்டியையும் குறையுங்கள். போனைச் சாய்த்தால் பார்வை திரும்பும் கைரோவும் வேண்டாம்.

பஸ்ஸிலும் காரிலும்

இங்கே கதை தலைகீழ். உடல் ஆடுகிறது, கண் பார்க்கும் எழுத்து நிற்கிறது. அனிமேஷனை நிறுத்தினால் இதற்குத் துளியும் பயனில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஒவ்வொரு வளைவிலும் உள்காது "திரும்புகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மடியில் உள்ள போனைக் குனிந்து பார்த்தால் வாந்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓட்டுநருக்கு வராது. அடுத்த வளைவு எங்கே என்று அவருக்கு முன்பே தெரியும்.

மலையில் போனைத் தொடவே வேண்டாம். சமவெளிப் பயணத்தில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மடியில் வைக்காதீர்கள். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் ஓரப் பார்வையில் ஜன்னலும் சாலையும் தெரியும், கண்ணுக்கும் கொஞ்சம் அசைவு கிடைக்கும். ஒரு செய்தியைப் படித்துவிட்டுத் தூரத்து மலையையோ அடிவானத்தையோ பாருங்கள். பக்கத்தில் ஓடும் மரங்களைப் பார்த்தால் அதுவும் சுற்றும். நீளமான பதிலைத் தட்டாமல் குரலில் சொல்லி அனுப்புங்கள். படம் பார்ப்பதைவிடப் பாட்டோ ஒலிப்புத்தகமோ மேல்.

ஐஓஎஸ் 18 முதல் வெஹிக்கிள் மோஷன் க்யூஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. மோஷன் பக்கத்திலேயே இருக்கும். ஆன் செய்தால் திரை ஓரங்களில் புள்ளிகள் தோன்றி, வண்டி திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் அதற்கேற்ப நகரும். வண்டியின் அசைவைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இது. ஆண்ட்ராய்டில் கைன்ஸ்டாப் என்ற செயலி இதே வேலையைச் செய்கிறது. சிலருக்கு நன்றாக உதவுகிறது, சிலருக்கு அந்தப் புள்ளிகளே எரிச்சல். சாதாரணச் சாலையில் சோதித்துப் பார்க்காமல், மலையேறும் நாளில் முதன்முதலாக ஆன் செய்ய வேண்டாம்.

இருக்கை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பின்பக்கச் சக்கரத்துக்கு மேலேயும் கடைசி வரிசையிலும்தான் குலுக்கல் அதிகம். முன்பகுதி அல்லது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்காருங்கள். ஆம்னி பஸ் ஸ்லீப்பரில் மேல் பெர்த் கீழ் பெர்த்தைவிட அதிகம் ஆடும். அதில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படம் பார்ப்பதைவிடக் கெட்ட ஏற்பாடு இருக்க முடியாது. வெளியே எதுவும் தெரியாது, உடல் மட்டும் ஆடும். படுத்துக் கண்ணை மூடினால் அதே பெர்த் நிம்மதியாக இருக்கும்.

வாந்தி வரும் என்று பயந்து வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு, ஏறும் முன் பரோட்டாவும் சால்னாவும் அடிப்பதும் தவறு. இரண்டு இட்லி போதும்.

பயண மாத்திரையைப் பெரும்பாலானோர் குமட்டல் வந்த பிறகுதான் போடுகிறார்கள். வயிறு பிரட்டத் தொடங்கியதும் உள்ளே போனது சரியாக உறிஞ்சப்படாது, வாந்தியிலேயே வெளியே வந்துவிடவும் வாய்ப்புண்டு. அவோமின் என்ற பெயரில் கிடைக்கும் புரோமெத்தசின் வகை மாத்திரையைக் கிளம்புவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். தூக்கம் நன்றாக வரும், மறுநாளும் நீளலாம். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, மது கூடவே கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது.

இருட்டில், வெளிச்சம் குறைத்தால் மட்டும் வந்தால்

இதை மிகச் சிலரே கண்டுபிடிக்கிறார்கள். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரை பலவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பது என்றால், திரையை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரியவிடுவது. வினாடிக்கு 240, 480 முறை என்பது பல போன்களில் உண்டு. வெளிச்சம் குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் நீளும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் இதற்குக் கூருணர்வு உள்ள சிலருக்குத் தலைவலி, கண் கடுப்பு, குமட்டல் வரும். கண்ணுக்கு இதம் என்று வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோவது இவர்களுக்கு நேர் எதிரான வேலை.

இன்னொரு போனின் கேமராவில் ப்ரோ பயன்முறைக்குப் போய் ஷட்டரை 1/1000 அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். உங்கள் போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கால் பங்குக்குக் குறைத்து, அந்தக் கேமரா வழியாகப் பாருங்கள். தடித்த கறுப்புப் பட்டைகள் ஓடினால் மினுக்கல் பலமாக இருக்கிறது. மெல்லிய மங்கலான கோடுகள் மட்டும் என்றால் குறைவு.

இதற்கு வழி எளிது. வெளிச்சத்தைப் பாதிக்கு மேலேயே வைத்துக்கொண்டு, மென்பொருள் வழியாக மங்கச் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் எக்ஸ்ட்ரா டிம், ஐபோனில் அக்சஸிபிலிட்டிக்குள் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் பகுதியில் ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட். ஆட்டோ பிரைட்னஸை அணைக்காவிட்டால் அது மறுபடி கீழே இழுத்துவிடும். அறையில் ஒரு சின்ன விளக்காவது எரியட்டும். 2025-இல் வந்த ஐபோன் 17 வரிசையில் இதற்கென்றே டிஸ்ப்ளே பல்ஸ் ஸ்மூத்திங் என்ற சுவிட்ச் இருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் டிசி டிம்மிங் (அணைத்து எரியவிடாமல் மங்கச் செய்யும் முறை) அல்லது 1920, 2160, 3840 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வினாடிக்கு எத்தனை முறை அணைத்து எரிகிறது என்ற கணக்கு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இந்த எண்ணையும் திரையில் படம் வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று சொல்லும் 120 ஹெர்ட்ஸ் ரிஃப்ரெஷ் ரேட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு. கடையில் போனைப் பார்க்கும்போது வெளிச்சத்தைக் கையால் குறைத்துப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள விளக்குகளில் எல்லாத் திரையும் முழு வெளிச்சத்தில்தான் இருக்கும்.

நீல ஒளி வடிகட்டியும் நீல ஒளிக் கண்ணாடியும் மேலே சொன்ன எதையும் தடுக்காது. கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார் என்று ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க இது காரணமாகாது.

பழி போன் மேல், காரணம் வேறிடத்தில்

படுக்கையில் புரண்டாலோ, மேலே அண்ணாந்தாலோ, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் ராட்டினச் சுற்றல் வந்தால் அது பெரும்பாலும் உள்காதில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிய கோளாறு. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துவிடுவார். கடையில் போய் "தலைசுத்தல் மாத்திரை" என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இதற்குச் சிகிச்சை ஆகாது. ஸ்டெமெட்டில் போன்ற தலைசுற்றல் மாத்திரைகளை நீண்ட நாள் தொடர்ந்தால், முக்கியமாக வயதானவர்களுக்கு, கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். வெர்ட்டின் என்ற மாத்திரை, மெனியர் என்ற உள்காது நோய்க்கு எழுதப்படும் மருந்து. ரீல்ஸ் குமட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, கழுத்து எக்ஸ்ரே. நாற்பது தாண்டிய பெரும்பாலானோருக்கு அதில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். உடனே எல்லாத் தலைசுற்றலுக்கும் அதுவே காரணம் என்று பட்டை மாட்டிக்கொள்வது நம் ஊரில் அதிகம். குனிந்து போன் பார்ப்பதால் கழுத்து வலிப்பது உண்மை, உலகமே சுற்றுவதற்கு வேறு காரணம் தேட வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் திரை அசைவு மற்றவர்களைவிட அதிகமாகத் தொந்தரவு தரும். அவர்கள் செட்டிங்ஸை மாற்றுவதோடு நிற்காமல் தலைவலிக்கும் முறையாகச் சிகிச்சை எடுக்க வேண்டும். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பாருங்கள்.

தலைசுற்றலோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், இதுவரை வராத கடும் தலைவலி, பிடிக்காமல் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் படுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம். இந்தியாவில் 108, இலங்கையில் 1990-ஐ உடனே அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்து வைத்திருங்கள், மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.