உப்புப் பூத்த செங்கற்சுவரைச் சீர்செய்வது எப்படி?

பழைய வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரம்வரை காரை பொரிந்து மாவாக உதிரும்போது, கொத்தனாரை அழைத்துச் சிமெண்ட் பூசிவிடுவதுதான் நம்மில் பலரும் செய்வது. இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அந்தப் பூச்சுக்கு மேலே, இன்னும் உயரத்தில், அதே ஓதம் தெரியும்.

விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, செங்கல்லின் நுண்துளைகள் மண்ணிலுள்ள நீரை மேலே இழுக்கின்றன. 0.01 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர், கணக்குப்படி, ஏறத்தாழ 1.5 மீட்டர் ஏறக்கூடும். ஆனால் வழியெங்கும் அது ஆவியாகிக்கொண்டே போவதால், ஏறும் அளவும் ஆவியாகும் அளவும் சமமாகும் உயரத்தில் ஈரக்கோடு நின்றுவிடுகிறது. நீர் போய்விடும், அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு போகாது. சுவரின் மேற்பரப்பிலேயே ஆவியானால் உப்பு வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அழகில்லை என்பதைத் தவிர அதனால் பெரிய கேடில்லை. மேற்பரப்புக்குச் சற்று உள்ளே ஆவியானால்தான், துளைக்குள் வளரும் படிகங்கள் செங்கல்லையே பிளக்கின்றன. சோடியம் சல்பேட் என்னும் உப்பு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 10 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேல் பருக்கும். சாப்பாட்டு உப்போ, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கரைந்து, குறைந்தால் மறுபடி உறையும். கடலோர வீடுகளில் இது ஒரே நாளுக்குள்கூட நிகழலாம்.

ஆகவே, சிமெண்ட் பூச்சைப்போல நீர் ஆவியாகி வெளியேறும் வழியை அடைத்து ஈரத்தை இன்னும் மேலே ஏற்றாமல், உப்பு உறையும் இடத்தைச் செங்கல்லிலிருந்து காரைக்கு மாற்றுவதே நாம் செய்ய வேண்டியது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்ய வேண்டும். ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் நாடாவால் சுவரில் ஒட்டி, ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள்: சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அறையை நோக்கிய பக்கத்தில் இருந்தால் அது காற்றின் ஈரம். குழாய்க் கசிவு இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளவும். சுவரடியில் குவிந்த தோட்டத்து மண்ணை அகற்றி, மழைநீர் விலகி ஓட வழிசெய்தால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.

பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை சிமெண்ட் பூச்சையும் பிளாஸ்டிக் பெயின்டையும் கொத்தி எடுக்கவும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டி, முறத்தில் அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளிக் கொட்டவும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உப்பு மிகுதியாக இருந்தால், காகிதக் கூழையும் களிமண்ணையும் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, அது முழுதும் காய்ந்தபின் பெயர்த்தெடுக்கலாம். கூழ் உலரும்போது சுவரிலுள்ள உப்பு அதற்குள் வந்துவிடும். ஒருமுறையில் தீராது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

சுவர் சில வாரங்கள் காற்றாடக் காயட்டும். அதன்பின் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கும் சேர்த்த சாந்தை, ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகப் பூசி, சில நாட்கள் நேர்வெயில் படாமல் லேசான ஈரத்தில் வைத்திருக்கவும். கடல்மணல் வேண்டவே வேண்டாம். மேலே சுண்ணாம்பு வெள்ளையடித்தால் போதும். சுவரில் டைல்ஸ் ஒட்டி மறைப்பது, என் கருத்தில், சிமெண்டைவிட மோசமான யோசனை.

சில ஆண்டுகளில் இந்தக் காரையும் பொரிந்து உதிரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம்; செங்கல்லுக்குள் உறைந்திருக்க வேண்டிய உப்பு காரையில் உறைகிறது என்றுதான் பொருள். உதிர்ந்த பகுதியை மட்டும் சுரண்டி, அதே சாந்தைக் கொண்டு மறுபடி பூசிவிடலாம்.