சமையல் பிளாக் எழுதுறவங்க பின்ட்ரெஸ்ட்டை விட்டுடாதீங்க

ஃபேஸ்புக்ல போடுற லிங்க் ரெண்டு நாள்ல கீழ போயிடும், ஆனா பின்ட்ரெஸ்ட் படங்களைத் தேடிச் சேமிச்சு வைக்கிற தளம், அங்க ஜனங்க தேடித்தான் வர்றாங்க, அதனால ஒரு நல்ல பின் (அதாவது லிங்க்கோட நீங்க போடுற படம்) மாசக்கணக்குல உங்க பக்கத்துக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டே இருக்கும். பிசினஸ் அக்கவுண்ட் ஃப்ரீதான், முதல்ல அதை ஓப்பன் பண்ணி உங்க சைட்டை க்ளெய்ம் பண்ணிடுங்க, அதாவது அது உங்களோடதுதான்னு உறுதிப்படுத்திடுங்க, எந்தப் பின்லருந்து எத்தனை க்ளிக் வருதுன்னு அனலிட்டிக்ஸ்ல தெரியும்.

படம்தான் இங்க எல்லாமே. நெட்டுக்குத்தா 2:3 அளவுல, அதாவது 1000க்கு 1500 பிக்சல்ல போடுங்க, படுக்கைவாட்டுல போட்டா ஃபோன்ல சின்னதா தெரியும், யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க. பூண்டு ஊறுகாய்னா எண்ணெய் மிதக்குற பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துல கிட்ட வச்சு எடுங்க, மேல பெரிய எழுத்துல பேரு, அவ்ளோதான், பூவும் பார்டரும் வேணாம். 2017லருந்து லென்ஸ் வசதி வேற இருக்கு, படத்தை வச்சே அதே மாதிரி படம் தேடலாம், அதனால பொருள் பளிச்சுனு தெரியணும்.

டைட்டில் 100 எழுத்து வரைக்கும் எழுதலாம், கூடவே விளக்கமும் எழுதலாம், "சூப்பர் ரெசிபி"ன்னு வீணாக்காம "நல்லெண்ணெய் பூண்டு ஊறுகாய் செய்வது எப்படி"ன்னு தேடுறவங்க டைப் பண்ற மாதிரியே எழுதுங்க, இங்கிலீஷ் பேரையும் சேர்த்துடுங்க. லிங்க் ஹோம்பேஜுக்குப் போகக்கூடாது, நேரா அந்த ரெசிபிக்கே போகணும், இது ரொம்ப முக்கியம்ங்க.

தீபாவளி முறுக்கை தீபாவளி வாரத்துல போட்டா லேட், ஒன்றரை மாசம் முன்னாடியே போட்டுடுங்க.