மழை விட்ட வயல்வெளியை இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில் வரைதல்

1874இல் பாரிஸில் தங்கள் முதல் கண்காட்சியை நடத்திய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள், பொருளின் வடிவத்தைவிட அந்த நேரத்தில் அதன்மேல் விழும் ஒளியையே பெரிதாகக் கருதினார்கள். அந்த முறையைப் பழகுவதற்கு இருபருவ மழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டம் மிகவும் ஏற்றது. தேரூர்ப் பக்கத்து வயல்வரப்பில் நின்று வடக்கே பார்த்தால் நெல்லும் தென்னையும் மலையும் ஒரே காட்சிக்குள் அடங்கும்.

எண்ணெய் வண்ணமே நல்லது. அது மெதுவாகக் காய்வதால், ஈர வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை வைக்கலாம். வெள்ளை, லெமன் மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், கோபால்ட் நீலம், அலிசரின் சிவப்பு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஆகியவற்றோடு தட்டையான முரட்டுத் தூரிகைகள் இரண்டு மூன்று போதும். கறுப்பை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாளில், கல் நிரப்பிய பையை கேன்வாஸைத் தாங்கும் ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட வேண்டும். வண்ணக் குடையின் கீழ் அமர்ந்தால் அதன் நிறம் கேன்வாஸில் படிந்து கண்ணை ஏமாற்றும்.

முதலில் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் சியன்னாவை கேன்வாஸ் முழுவதும் மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். பின்னர் போடும் பச்சைத் தீற்றல்களின் இடைவெளியில் இந்தச் செம்மை எட்டிப் பார்க்கும்போது பச்சை இன்னும் துலங்கும். அடுத்து வானம், மலை, வயல், வரப்பு என நான்கு பெரிய பரப்புகளை மட்டும் குறித்துக்கொண்டு, வானத்திலிருந்து தொடங்குங்கள். கீழே தேங்கிய நீரின் நிறத்தை முடிவு செய்வது அதுதான்.

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் அந்தத் தண்ணீர்தான். நனைந்த மண் காய்ந்த மண்ணைவிடக் கறுத்துத் தெரியும். அதன்மேல் தேங்கிய நீரோ வானத்தை வாங்கி வெளிறித் தெரியும். காலடியில் கிடக்கும் நீரைக் குனிந்து பார்த்தால் அடிச்சேறு தெரிகிறது. தொலைவில் உள்ள நீரைச் சாய்வாகப் பார்ப்பதால் வானம் மட்டுமே தெரிகிறது. ஆகவே முன்னால் உள்ள நீருக்குச் சியன்னாவைச் சற்றுக் கலந்தும், பின்னால் உள்ளதற்கு வான வண்ணத்தை ஒரு சாயல் மட்டும் கருமையாக்கியும் இடவேண்டும். தென்னையின் பிரதிபலிப்பு, மரத்தைவிடச் சற்று வெளிறியே இருக்கும்.

மழை தூசியைக் கழுவிவிடுவதால் மலை பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தோன்றும். வழக்கமான மங்கிய நீலத்தைப் பூசினால் அது வெயில்காலப் படமாகிவிடும். நிழல்களுக்கு அல்ட்ராமரினும் அலிசரினும் கலந்த ஊதாவை எடுங்கள். நெற்பயிரை இதழ் இதழாக வரைவது வீண்வேலை. மஞ்சட்பச்சையையும் நீலப்பச்சையையும் குழைக்காமல் அருகருகே குறுந்தீற்றல்களாக வைத்தால், எட்ட நின்று பார்ப்பவரின் கண் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும்.

மேகம் கலைந்து வெயில் ஏறினால் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். 1890–91இல் வைக்கோல் போர்களை வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மோனே, ஒளி மாறும்போதெல்லாம் வேறு கேன்வாஸுக்கு மாறினார். நாமும் அதே ஒளி அமையும் இன்னொரு நாளில் தொடரலாம். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றே இறுகுவதால், படத்தை மூடிய அலமாரியில் வைக்காமல் காற்றோட்டமான அறையில் வைத்து, வண்ணம் நன்றாக இறுகிய பிறகு, அதாவது ஏறத்தாழ 6 மாதம் கழித்து, வார்னிஷ் பூசுங்கள்.