கொம்பு இடம் மாறிய கதை

கிருஷ்ணகிரியில் மாமாவின் மாங்காய் மண்டிக்கு பைத்தான் நிரல்மொழியில் ஒரு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். திரை ஜன்னல்களை வரைய டிகின்டர் என்ற கருவி. என் விண்டோஸ் மடிக்கணினியில் நன்றாகத்தான் ஓடியது. மண்டியில் இருந்ததோ லினக்ஸ் வகையான உபுண்டு போட்ட பழைய கணினி. அங்கே ‘செந்தூரா’, ‘பெங்களூரா’ இரண்டிலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது.

“என்ன மாப்பிள்ளை, உன் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா?” என்றார் மாமா.

எழுத்துருவை மாற்றி மாற்றி இரண்டு நாள் வீண். கோளாறு அதில் இல்லை. கொம்பை முன்னால் கொண்டுவந்து கோக்கும் வேலையை விண்டோஸே செய்துவிடுகிறது. லினக்ஸில், டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 அதைச் செய்வதில்லை. டிகே போன்ற இன்னொரு கருவியான க்யூட்டியில், எழுத்துகளைக் கோக்கவென்றே ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இருக்கிறது. சரி என்று, க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைடு 6-க்கு மாறினேன். கணக்குகளைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளப் பகுதியைத் தொடவில்லை, ஜன்னல்களை மட்டும் திரும்ப எழுதினேன். நிறுவும் கோப்பு பெருத்துவிட்டது, போகட்டும். செந்தூரா செந்தூராவாகவே அச்சாகிறது.